கார்த்தி சேர நினைத்த வகுப்பும் எங்கள் வீட்டுக் குழுவும்

வாட்ஸ்அப் குழு: தண்டையார்பேட்டை வீடு

கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் கிண்டியில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் வகுப்பு. ஏ.ஐ. வைத்துச் சொந்தத் தொழில் தொடங்கச் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் 60,000. நடத்துபவர் சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்துப் பல கோடிக்கு விற்றவர். சீட்டுக்கு 2,000 கட்டிவிட்டேன்.

ராணி சித்தி: மீதிக்கு என் செயினை அடகு வைக்கச் சொல்கிறான். தேன்மொழி, நீ ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாய், கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா.

ராயபுரம் பெரியப்பா: அவருடைய வீடியோ பார்த்தேன். நன்றாகத்தான் பேசுகிறார். மந்திரியோடு நிற்கிறார், விருது வாங்குகிறார். இத்தனை பெரிய மனிதர்கள் விசாரிக்காமலா பக்கத்தில் நிற்பார்கள்?

தேன்மொழி: நிற்பார்கள் பெரியப்பா. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியை நடத்திய ராமலிங்க ராஜு ஞாபகம் இருக்கிறதா? 2008 செப்டம்பரில் அந்தக் கம்பெனிக்கு நிர்வாக நேர்மைக்காகவே கோல்டன் பீகாக் விருது கொடுத்தார்கள். 2009 ஜனவரி 7ஆம் தேதி அவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. கணக்கைத் தணிக்கை செய்தது உலகப் பெயர் பெற்ற நிறுவனம். எங்கள் ஆபீஸில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் சொல்லும் கதை இது.

ராயபுரம் பெரியப்பா: அது சரிதான். அப்போது பேப்பரில் படித்துவிட்டு நம்பவே முடியவில்லை.

கார்த்தி: அக்கா, அவர் வேறு, இவர் வேறு. இவர் மனசார உதவி செய்கிறவர். பேச்சைக் கேட்டாலே தெரியும்.

தேன்மொழி: பேச்சை வைத்து ஆளை எடை போடாதே கார்த்தி. அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் என்று ஒருவர். விரலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் ஏகப்பட்ட பரிசோதனை செய்யலாம் என்று 19 வயதில், 2003இல், தெரானோஸ் கம்பெனியைத் தொடங்கினார். அதன் மதிப்பு 900 கோடி டாலர் வரை போனது. இயக்குநர் குழுவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஹென்றி கிஸ்ஸிஞ்சரும் ஜார்ஜ் ஷுல்ட்ஸும். ஷுல்ட்ஸின் சொந்தப் பேரன் டைலர் அங்கேதான் வேலை பார்த்தார். பரிசோதனை முடிவுகள் சரியில்லை என்று சொன்னார். தாத்தா பேரனை நம்பவில்லை, ஹோம்ஸைத்தான் நம்பினார். கம்பெனி அந்தப் பையன் மேல் வக்கீல்களை ஏவியது. 2022இல் ஹோம்ஸுக்குப் பதினோரு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை.

நான் பார்ப்பது இதைத்தான். மேடையில் எல்லோரும் நல்லவர்கள். தன்னிடம் வேலை பார்க்கும் சின்னப் பையன் "இது தப்பு சார்" என்றால் அந்த ஆள் என்ன செய்கிறார்? குணம் அங்கேதான் வெளியே வரும்.

ராணி சித்தி: காசிமேட்டில் நூறு ரூபாய் மீனுக்கே செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். 60,000க்குப் பார்க்க வேண்டாமா?

தேன்மொழி: பார்த்துவிட்டேன் சித்தி. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் எந்தக் கம்பெனி, எப்போது பதிவானது, மூலதனம் எவ்வளவு, இயக்குநர்கள் யார் என்று இலவசமாகவே பார்க்கலாம். இவருடைய நிறுவனம் மூன்று வருஷத்துக்கு முன்னால் பதிவானது, மூலதனம் ஒரு லட்சம், தொழில் பயிற்சி வகுப்பு. விற்றதாகச் சொல்லும் கம்பெனியின் பெயரை எந்த வீடியோவிலும் அவர் சொல்லவில்லை. பெயர் இல்லாமல் எதைத் தேடுவது?

கார்த்தி: இப்படி எல்லோரையும் சந்தேகப்பட்டால் யாரிடம்தான் கற்றுக்கொள்வது? மணலியில் கான்ட்ராக்ட் வேலையிலேயே காலம் தள்ளச் சொல்கிறீர்களா?

தேன்மொழி: கோபப்படாதே தம்பி. நீ முன்னேற வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் பள்ளியைப் பார். அங்கே பிள்ளைகள் கட்டணம் கட்டுவதில்லை, கம்பெனிதான் உதவித்தொகை கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறது. அவர்களுக்குச் சாஃப்ட்வேர் விற்று வருமானம் வருகிறது. இவருக்கு வருமானமே உன் 60,000தான். தொழிலில் சம்பாதித்தவரா, தொழில் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பவரா என்று முதலில் கேள்.

ராயபுரம் பெரியப்பா: ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஸோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சாஃப்ட்வேர் பற்றிச் சொன்னால் நான் உட்கார்ந்து கேட்பேன். அதற்காக மருத்துவம் பற்றி அவர் சொல்வதையும் கேட்க வேண்டியதில்லை. எதில் கைதேர்ந்தவரோ அதில் மட்டும்தான் மதிப்பு.

தேன்மொழி: ரொம்பச் சரி பெரியப்பா. கார்த்தி, அவருடைய குழுவில் மரியாதையாகவே கேள்: "சார், நீங்கள் விற்ற கம்பெனியின் பெயர் என்ன, எந்த வருஷம், யார் வாங்கினார்கள்?" உண்மையில் விற்றவர் பெருமையாகச் சொல்வார். பதில் வந்தால் நானே தேடிப் பார்க்கிறேன். சரியாக இருந்தால் பணத்துக்கு நானும் உதவுகிறேன்.

(மறுநாள் காலை)

கார்த்தி: கேட்டேன் அக்கா. "நெகட்டிவ் மனசு உள்ளவர்களுக்கு இங்கே இடமில்லை" என்று போட்டார்கள். அடுத்த நிமிஷமே குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். எனக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்ட இன்னொரு பையனையும் நீக்கியிருக்கிறார்கள், அவன் தனியாக மெசேஜ் போட்டான்.

ராணி சித்தி: விடுடா. செயின் பீரோவிலேயே இருக்கட்டும்.

தேன்மொழி: 2,000 கட்டிய ரசீது, அவர்கள் போட்ட பதில், இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி இன்றே மெயில் போடு. தரவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம். அந்தப் பையனுக்கும் சொல். சாயங்காலம் வீட்டுக்கு வா, மெயிலை நான் எழுதித் தருகிறேன்.

கார்த்தி: வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன் அக்கா.