பொங்கல் லீவில் பிள்ளைகளோடு நடை: கல்மலையா, ஆற்றங்கரையா?

திருப்பாலை மீனா

பொங்கலுக்கு வெளியூரிலிருந்து மதுரைக்குச் சொந்தக்காரங்க வர்றாங்க. எங்களோடு சேர்த்து 9 பேர். பிள்ளைகளுக்கு வயசு 5, 8, 12. அத்தைக்கு 66, முழங்கால் வலி உண்டு. சமதரையில் நல்லா நடப்பாங்க. காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பணும். சமணர் மலை, அரிட்டாபட்டி, சோழவந்தான் பக்கம் வைகைக் கரை, மூணு இடம் பேச்சில் இருக்கு. எதுக்குப் போகலாம், ஏன்னு சொல்லுங்க.

நாகமலையான்

இதுல யோசிக்க என்ன இருக்கு? சமணர் மலை. ஊர்ல இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தேனி ரோட்டுல நாகமலை புதுக்கோட்டையில திரும்பி கீழக்குயில்குடி. தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அதுக்குப் பின்னாடியே பாறையில வெட்டுன படி. கைப்பிடிக் கம்பியும் உண்டு. பெரியாளு இருபது நிமிஷத்துல பேச்சிப்பள்ளம் போயிருவான், அஞ்சு வயசுக்கு நாப்பது நிமிஷம் வைங்க. மேல சுனை. சுனைக்கு மேல பாறையில வரிசையாச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பம், அதுக்குக் கீழ வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து). 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. பிள்ளைகளுக்கு வரலாறு புத்தகத்துல சொல்லிக் குடுக்க முடியாததை அங்க விரலால காட்டிரலாம் (காட்டத்தான் சொல்றேன், தொடச் சொல்லலை).

பேச்சிப்பள்ளத்தோட நிப்பாட்டிக்கங்க. அதுக்கு மேல மாதேவிப் பெரும்பள்ளிங்கிற பழைய சமணப் பள்ளியோட அடித்தளம், உச்சியில விளக்குத் தூண் எல்லாம் இருக்கு, ஆனா அது வழுக்குப் பாறை. அஞ்சு வயசுக்கு வேண்டாம். காலைல ஆறரைக்கு ஏற ஆரம்பிச்சா ஒன்பதுக்குள்ள இறங்கிரலாம். அத்தை குளத்துப் பக்கம் ஆலமரத்தடியில உக்காந்திருக்கட்டும்.

ஆத்தங்கரை சோழவந்தான்

அண்ணே, வீட்டுல மூத்தவங்களை மரத்தடியில உட்கார வெச்சுட்டு மத்தவங்க மேல போறதுக்குப் பேர் குடும்ப நடையா? அவங்க வாட்ச்மேன் வேலைக்கா வர்றாங்க?

ஏறுறதை மட்டும் கணக்குப் போடுறீங்க. சிக்கல் இறங்கும்போதுதான். ஏறும்போது பிள்ளை கண்ணுக்கு நேரே படி இருக்கும். இறங்கும்போது பள்ளம் தெரியும், பயந்து உடம்பைப் பின்னால சாய்க்கும், குதிகால் மட்டும் பாறையில பட்டு வழுக்கும். பெரியவங்க முன்னால ஒரு படி கீழே நின்னு, பக்கவாட்டா திரும்பி இறங்கணும். பின்னால நின்னு கையை மேலே தூக்கிப் பிடிக்கிறதுதான் எல்லாரும் செய்யற தப்பு. அப்படிப் பிடிச்சா பிள்ளை நுனிக்காலில் தொங்கும், சறுக்கினா தோள்மூட்டு இழுபடும்.

என் கட்சி திருவேடகம் டு சோழவந்தான். ஏடகநாதர் கோயிலில் ஆரம்பிச்சு சுமார் 4 கிலோமீட்டர், முழுக்கச் சமதரை. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் தென்னந்தோப்பு, வயல், கொடிக்கால் (வெற்றிலைத் தோட்டம்). சம்பந்தர் விட்ட ஏடு வைகையை எதிர்த்து வந்து கரை ஏறின இடம்னு அத்தைக்குக் கதை, கொக்கும் நாரையும் பிள்ளைகளுக்கு. முழங்கால் வலிக்கு அரை மணிக்கு ஒருதரம் உட்கார நிழலுக்குப் பஞ்சமில்லை. 5 வயசு நடையில் இரண்டரை மணி நேரம்.

நாகமலையான்

ஆறுன்னதும் எல்லாருக்கும் அழகர் இறங்குற ஆறுதான் ஞாபகம் வருது தம்பி. வைகை அணை 71 அடி. 66 அடியில முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5ல ரெண்டாவது, 69ல மூணாவது. அதுக்கு மேல வர்ற தண்ணி அப்படியே ஆத்துல. ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை நல்லாப் பேஞ்ச வருஷம் தை மாசமும் அணை நெறைஞ்சு கெடக்கும். இங்க வெயில் அடிக்கும், மேகமே இருக்காது, ஆத்துல தண்ணி வந்துரும். மழை பேஞ்சாத்தான் வெள்ளம்னு நெனைக்கிற வெளியூர்ப் பிள்ளைகளை அங்க கூட்டிட்டுப் போகச் சொல்றீங்க.

மணல் அள்ளுன குழி வேற. சீமைக்கருவேல முள்ளு ஹவாய் செருப்பைத் துளைச்சிக்கிட்டு வரும். ஆறுதான் பாதுகாப்புன்னு மட்டும் சொல்லாதீங்க.

ஆத்தங்கரை சோழவந்தான்

ஆற்றங்கரைன்னுதான் எழுதினேன். ஆற்றுக்குள் இறங்கச் சொல்லலை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

ஆனா குழி விஷயத்தில் நீங்க சொல்றது சரி, அதனால் விளக்கமாவே சொல்லிடறேன். காய்ந்த மணல்வெளிக்கு நடுவில் பச்சையா, அசையாத தண்ணி வட்டமாத் தேங்கி நின்னா அது குட்டையில்லை, அள்ளின குழி. இயற்கையான பள்ளம் கணுக்கால், முழங்கால்னு படிப்படியா இறங்கும். அள்ளின குழி சுவர் மாதிரி நேரா இறங்கும், விளிம்பு மணலுக்கு அடியில் தண்ணி அரிச்சு வெச்சிருக்கும். மேலே நின்னா விளிம்போடு சரியும். எட்டிப் பார்க்கவும் கூடாது, பத்தடி தள்ளியே நிற்கணும். நீச்சல் தெரிஞ்சவங்களும் ஏற முடியாம போறது அதனாலதான்: பிடிக்கிற மணல் கையோடு வந்துடும்.

கிளம்புற அன்னைக்குப் பேப்பரில் அணை நீர்மட்டமும் வெளியேற்றமும் போட்டிருப்பாங்க, பாருங்க. 66ஐத் தாண்டியிருந்தா ஆற்றங்கரையை விட்டுடுங்க, வாய்க்கால் ஓரத்துப் பாதையில் போங்க. அங்கேயும் தண்ணி ஓடும், அதனால் பிள்ளை வயல் பக்கம், பெரியவங்க தண்ணி பக்கம். மதகு கிட்டே நிற்கவே வேண்டாம். மேலே பார்த்தா தண்ணி சும்மா நிற்கிற மாதிரி இருக்கும், அடியில் இழுப்பு இருக்கும்.

கொடிக்காலைப் பார்க்கணும்னா தோட்டக்காரரைக் கேட்டுட்டு, செருப்பை வெளியே கழற்றிட்டுத்தான் உள்ளே போகணும். அகத்தி மரத்தில் ஏற்றின கொடி, நடுவில் நாலடி வாய்க்காலில் தண்ணி, உள்ளே நுழைஞ்சதும் வெயில் பாதியாக் குறையும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைச்சது. 12 வயசுக்கு அந்தச் செய்தி, 5 வயசுக்குச் சேற்றில் கால் வைக்கிற சந்தோஷம்.

மேலூர் வல்லூறு

இரண்டு பேரும் சண்டை போட்டு அரிட்டாபட்டியை மறந்துவிட்டீர்கள். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், மேலூர் பக்கம். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேர். ஏழு குன்று, 72 ஏரி, 200 சுனை. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2024 கடைசியில் மக்கள் திரண்டதும், 2025 ஜனவரியில் அது ரத்தானதும் எல்லோருக்கும் தெரியும்.

மீனா அவர்களின் கணக்குக்கு இதுதான் பொருந்தும். கண்மாய்க் கரை சமமானது, அத்தை நடக்கலாம். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரைச் சிவன் கோயில், அதில் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் இலகுலீசர் சிற்பம். கழிஞ்சமலையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து. கரையில் நின்றபடியே பருந்தும் வல்லூறும் பார்க்கலாம். கல்மலையும் தண்ணீரும் ஒரே இடத்தில்.

ஆனால் ஒரு கண்டிப்பு. தை, மாசி என்றால் வல்லூறும் ராசாளியும் பாறை இடுக்கில் கூடு வைக்கும் காலம். ஸ்பீக்கர், ட்ரோன், பாறைக்குக் கீழே நின்று எதிரொலிக்கக் கூவுவது, எதுவும் கூடாது. தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால் முட்டை வெயிலில் கிடக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எதிரொலி என்றால் உயிர். வண்டியிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

நாகமலையான்

கண்மாய்க் கரையில நிழல் எங்க இருக்கு? பத்து மணிக்கு மேல பிள்ளைகளைக் கரையில நிப்பாட்டுனா பறவையா பார்க்கும்? ஜூஸ் கேக்கும்.

மேலூர் வல்லூறு

பத்து மணிக்கு யார் பறவை பார்க்கச் சொன்னது? ஏழிலிருந்து எட்டரை வரை கரை, அதன் பிறகு குடைவரை. அங்கே நிழல் உண்டு.

உங்கள் ஆறரை மணிக்கும் ஒரு திருத்தம். மார்கழி, தை மாதம் இங்கே சூரியன் எழவே ஆறரை ஆகிவிடும். பாறையில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டை ஓடுமே, மழைத்தண்ணீர் வழியும் தடம், அது பாசி. காய்ந்திருந்தால் சொரசொரப்பாக இருக்கும், பனி பட்டால் சோப்பு. ஏழரைக்கு முன்னால் சமணர் மலையில் பிள்ளையை ஏற்றினால் விழும். வெளிறிய பாறையில் கால் வை, கறுப்பில் வைக்காதே என்று ஒரு வரி சொல்லிக்கொடுத்தால் ஐந்து வயதுப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும்.

நாகமலையான்

அது சரிதான். பங்குனி, சித்திரைக்குச் சொல்ற நேரத்தைத் தைக்குச் சொல்லிப்புட்டேன். ஏழரைன்னு மாத்திக்கங்க.

பழங்காநத்தம் செல்வா

எல்லாரும் வீட்டுக்குப் பின்னாடியே சுத்துறீங்க. குரங்கணி, மேகமலை, கொடைக்கானல் மன்னவனூர்னு போகலாமே? பச்சைப் புல்வெளி, பனி. பிள்ளைகளுக்கு அதுதானே புதுசு.

ஆத்தங்கரை சோழவந்தான்

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பணும்னு கேட்டிருக்காங்க செல்வா. கொடைக்கானலே 120 கிலோமீட்டர், மன்னவனூர் அதுக்கும் மேலே. 2024 மே மாசத்திலிருந்து இ-பாஸ் வேற எடுக்கணும். போறவங்க ரெண்டு நாள் ஒதுக்கிட்டுப் போகணும். அந்தப் புல்வெளியில் இரண்டு மேட்டுக்கு நடுவில் பள்ளம் பச்சையா மின்னினா அது சதுப்பு, சுற்றித்தான் போகணும். மூடுபனி இறங்கினா நடக்கக் கூடாது, எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கணும். மற்றபடி அருமையான இடம்.

குரங்கணி பற்றி விளையாட்டாப் பேசாதீங்க. 2018 மார்ச் 11 தீயில் 23 பேர் போனாங்க. காய்ந்த போதைப்புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும், மனுஷன் ஏறுற வேகத்தைவிடப் பல மடங்கு. அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தது. 2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ன்னு 40 பாதை திறந்து, ஆன்லைனில் பதிவு, கூடவே வழிகாட்டின்னு வெச்சிருக்கு. காப்புக்காட்டுக்குள் போகணும்னா அந்த வழியில்தான் போகணும். டீக்கடையில் வழி கேட்டு இல்லை.

திருப்பாலை மீனா

கொடைக்கானல் இந்தத் தடவை இல்லை. தண்ணி, சாப்பாடு எவ்வளவு எடுக்கணும்? வீட்டில் ஆளுக்கு ரெண்டு லிட்டர்னு சொல்றாங்க.

நாகமலையான்

ரெண்டு லிட்டர்னா 9 பேருக்கு 18 கிலோ. யாரு சுமக்குறது? தை மாசக் காலையில மூணு மணி நேரத்துக்குப் பெரியவங்களுக்கு ஒரு லிட்டர், பிள்ளைக்கு 600 மில்லி. ஆறு பெரியவங்க, மூணு பிள்ளை, மொத்தம் 8 லிட்டர் போதும். வண்டியில தனியா 5 லிட்டர் கேன் கெடக்கட்டும். சித்திரைன்னா நானே ரெண்டு லிட்டர் சொல்லுவேன்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ரெண்டு வைங்க. பாக்கெட் மேல அளவைப் படிங்க. பெருசு ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சுக் குடுத்துராதீங்க, உப்பு ஏறி பிள்ளைக்கு இன்னும் வாந்தி வரும்.

ஆத்தங்கரை சோழவந்தான்

சாப்பாட்டுக்குப் புளியோதரை வேண்டாம், தாகம் எடுக்கும். இட்லி, பொடி நல்லெண்ணெயில் குழைச்சு, வாழையிலையில் கட்டிக்கங்க. கலகலக்கிற பாலித்தீன் கவர் எந்த மலைக்கும் ஆகாது. குரங்குக்கு உள்ளே இருக்கிறதைவிட அந்தச் சத்தம்தான் அழைப்பு. துணிப்பையில் போட்டு முதுகில் மாட்டுங்க, பிள்ளை கையில் எதுவும் கொடுக்காதீங்க.

மேலூர் வல்லூறு

சென்ட், வாசனை எண்ணெய் வேண்டாம். அரிட்டாபட்டியானாலும் சமணர் மலையானாலும் பாறை நெற்றியில் பெருந்தேனீ அடை தொங்கும். வாசனை, புகை, கல்லெறி மூன்றும் கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஓட வேண்டும். தண்ணீரில் குதிப்பது தப்பு, தலை வெளியே வரும்வரை மேலேயே சுற்றும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடித்த காலை அசைக்காமல் 108க்குப் போன் செய்து நேராக அரசு மருத்துவமனை.

திருப்பாலை மீனா

சரி, முடிவு பண்ணிட்டோம். ஒன்பது பேரும் திருவேடகம் டு சோழவந்தான். 12 வயசுக்காரனை மட்டும் அவங்க அப்பா இன்னொரு நாள் சமணர் மலைக்குக் கூட்டிப் போகட்டும். அரிட்டாபட்டி மாசியில். மாட்டுப் பொங்கலன்னைக்குத் திருவேடகம் போகலாம்னு இருக்கோம். வண்டியை எங்கே விடறது?

ஆத்தங்கரை சோழவந்தான்

அய்யய்யோ, அன்னைக்கு வேண்டாங்க. தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர். ஜல்லிக்கட்டுக்கு வடக்கு, மேற்குப் பக்க ரோடெல்லாம் திருப்பி விட்டுடுவாங்க. தை 4 போங்க. ரெண்டு வண்டின்னா எல்லாரையும் திருவேடகம் கோயில் வாசலில் இறக்கிட்டு, ஒண்ணைச் சோழவந்தானில் நிறுத்தி, இன்னொண்ணில் டிரைவர் ரெண்டு பேரும் திரும்பி வந்துடுங்க. ஒரே வண்டின்னா முடிச்சுட்டுப் பஸ்ஸில் திரும்பலாம். அத்தைக்குப் பாதி வழியில் முடியலைன்னா அங்கேயே நிறுத்திப் போன் பண்ணுங்க, வண்டி வந்து ஏத்திக்கும்.

நாகமலையான்

தோத்துட்டேன்னு வைங்க. பையனைக் கூட்டிட்டு வர்ற அன்னைக்கு ஸ்கூல் ஷூ போட்டு விட்டுறாதீங்க. கறுப்பு ஷூவோட அடி வழவழன்னு இருக்கும், பாறையில நிக்காது. அடியில ரப்பர் பல்லு தேயாத ஸ்போர்ட்ஸ் ஷூ. இறங்கி வந்து செட்டிப்பொடவையும் பார்த்துட்டுப் போங்க, அதுக்குத் தனிப் பாதை. குகைக்குள்ள சிங்கத்து மேல ஒரு பெண், எதுத்தாப்புல யானை மேல ஒருத்தன். உள்ள இருட்டு, டார்ச் எடுத்துக்கங்க. போன் வெளிச்சம் பத்தாது.