அப்பச்சியின் நெஞ்சிலிருக்கும் கருவி: பதிவு செய்யும் டி.பி.எஸ். பற்றிய எங்கள் அனுபவம்

எங்கள் அப்பச்சிக்குப் பார்க்கின்சன் நோய்க்காகப் பொருத்தியிருக்கும் டி.பி.எஸ். (ஆழ்மூளைத் தூண்டல்) கருவி, மூளைக்குள் மின்துடிப்பை அனுப்புவதோடு நிற்காமல், அதே கம்பிகள் வழியாக மூளையின் மின்னலைகளையும் பதிவு செய்கிற வகையைச் சேர்ந்தது. 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் மூளை அறுவை மருத்துவர் பெனாபிட் குழுவினர் தொடங்கிவைத்த முறையில், நோயாளி உறங்கினாலும் நடந்தாலும் கருவி ஒரே அளவில் தூண்டிக்கொண்டே இருக்கும். இதிலோ, உடல் இறுகும்போது 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையுள்ள பீட்டா அலைகள் ஓங்குவதும், மாத்திரை வேலை செய்ததும் அவை அடங்குவதும் பதிவாகின்றன.

தூண்டுவதைவிடக் கேட்பதுதான் கடினமாம். அனுப்புவது வோல்ட் கணக்கில். கேட்பதோ மைக்ரோவோல்ட் கணக்கில். இதயத்தின் மின்சாரம்கூட அந்தப் பதிவில் கலந்துவிடக்கூடும் என்பதால் கருவியை வலப்பக்க நெஞ்சில் வைத்தார்கள். மின்முனை பிளாட்டினம், இரிடியம் கலந்த உலோகம் என்று சொன்னதும், சிக்ரியில் (இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில்) வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு அண்ணன், ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் எதிர்த்துடிப்பு அனுப்பி மின்னூட்டத்தைச் சமன் செய்யாவிட்டால் உலோகமும் கரையும், திசுவும் கெடும் என்று முகப்புத் திண்ணையிலேயே பாடம் நடத்திவிட்டார். காரைக்குடியில் குடியிருப்பதில் இப்படியும் ஒரு வசதி உண்டு.

அலையைப் பார்த்துத் தூண்டலைத் தானே கூட்டிக் குறைக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2025 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. அப்பச்சியின் கருவியில் அது இயங்கவில்லை. கருவி கேட்கும், முடிவெடுப்பது மருத்துவர். ஆகவே எப்போது என்ன நடந்தது என்று குறித்துவைப்பது எங்கள் பொறுப்பு. நிலைப்படிகளில் கால் ஒட்டிக்கொள்வது இந்த நோயின் இயல்பு; எங்கள் வீட்டிலோ முகப்பிலிருந்து பின்கட்டு வரை நிலைப்படிக்குப் பஞ்சமில்லை. வளவு நிலையைப் பிடித்தபடி அப்பச்சி அசையாமல் நிற்கும்போது, ஆத்தா முதலில் கைக்கருவியில் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் கைகொடுப்பார். அந்தக் குறிப்புகளையும் பதிவையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர், மின்னளவைக் கூட்டாமல், மாலை மாத்திரையை மட்டும் முன்னதாகத் தரச் சொன்னார். மாலையில் இறுக்கம் வெகுவாகக் குறைந்தது. பொத்தான் அழுத்த மறந்த நாட்களின் வரைபடம் மருத்துவருக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை.

இன்னொன்று: தோள்வலிக்கு இயன்முறைச் சிகிச்சைக்குப் போனால், டயதெர்மி (மின்காந்த அலையால் உடலுக்குள் சூடேற்றும் சிகிச்சை) கூடாது என்பதை உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுங்கள். அந்த ஆற்றல் கம்பி வழியாகப் போய் மூளைத்திசுவைச் சுட்டுவிடக்கூடும். கருவி அணைந்திருந்தாலும் இந்த ஆபத்து உண்டு.