மஞ்சுவிரட்டுக்கு முன் ரத்தம் நிறுத்தும் பயிற்சி: எதில் ஆரம்பிப்பது?

பொட்டல்காரன்:
தை பிறக்குறதுக்குள்ள ஊர்ப் பையன்கள் முப்பது பேருக்குச் சொல்லிக் கொடுக்கணும். சிவகங்கை மாவட்டச் சிராவயல் மாதிரி கட்டுமாடு அவிழ்த்து விடுற பொட்டல்; வேடிக்கை பார்க்க நிக்கிறவங்களுக்கும் குத்து விழும். கையில ரெண்டு டூர்னிக்கெட் (ரத்தம் நிக்க கை, காலைச் சுத்தி இறுக்குற பட்டை), ஒரு பெட்டி காஸ் ரோல் (காயத்துக்கு வைக்கிற வலைத்துணிச் சுருள்). ரெண்டு மணி நேரம் கிடைக்கும்.

அவசரப்பிரிவு செவிலி:
டூர்னிக்கெட்டை ரெண்டாவதா வச்சுக்கோங்க தம்பி. தொடை இடுக்குல கொம்பு ஏறினா அதை மாட்ட இடமே இல்லை. அங்கயும் அக்குள்லயும் காஸ் திணிக்கிறதுதான் வழி. ரத்தம் எங்கருந்து பீறிடுதுன்னு விரலால தேடி, அந்த ஆழம் வரைக்கும் காஸைத் தள்ளணும். காயத்தோட வாயை மட்டும் அடைச்சா உள்ளே ஒழுகிட்டே இருக்கும். குழி நிறைஞ்சதும் முழங்கையை மடக்காம, உடம்பு எடையைப் போட்டு 10 நிமிஷம் அழுத்தணும். நடுவுல தூக்கிப் பார்க்கிற ஆசைதான் எமன், உறைஞ்சது பிஞ்சிடும். வயிறு, நெஞ்சுக்குள்ள மட்டும் எதையும் திணிக்காதீங்க.

பழக, மெத்தைக் கடை ஸ்பாஞ்சுல ரெண்டு அங்குல ஆழக் குழி வெட்டி, அடியில ட்ரிப் குழாய் சொருகி சாயத் தண்ணி விடுங்க. சரியா திணிச்சா தண்ணி நிக்கும்.

பழைய 108:
அக்கா சொன்னது சரி. கை, காலுக்கு டூர்னிக்கெட்: காயத்துக்கு 2–3 அங்குலம் மேலே, மூட்டு மேல வேண்டாம். முதல்ல பட்டையை விரல் நுழையாத அளவு இழுக்கணும், அப்புறம்தான் பட்டையில இருக்கிற குச்சியைத் திருகணும். நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான். தொளதொளன்னு விட்டுத் திருகினா பாதி இறுக்கம்தான் வரும். சிரை மட்டும் அடைபட்டு, தமனி ஓடிட்டே இருக்கும், ரத்தம் முன்னைவிட அதிகமாக் கொட்டும். ஆள் வலியில கத்துவார், அதுக்காகத் தளர்த்தக் கூடாது. ரத்தம் நிக்கலைன்னா முதல் பட்டையை ஒட்டி, உடம்புப் பக்கமா ரெண்டாவதைப் போடுங்க. மாட்டின நேரத்தை நெத்தியில எழுதிடுங்க.

பொட்டல்காரன்:
டூர்னிக்கெட் தீர்ந்துட்டா கயிறு? காபித்தூள் அப்புற அப்பத்தாக்களுக்கு என்ன சொல்றது?

பழைய 108:
கயிறு, கம்பி சதையை அறுக்கும், ஆழத்துல இருக்கிற தமனியை அமுக்காது. துண்டை ரெண்டு அங்குல அகலத்துக்கு மடிச்சு, உறுதியான கட்டையைச் செருகித் திருகுங்க. திருகின கட்டை அவிழாமக் கட்டிடணும். காபித்தூள் பீறிடுற ரத்தத்துல கரைஞ்சு ஓடும், டாக்டருக்குக் கழுவுற வேலைதான் மிச்சம். அப்பத்தா கையில சுத்தமான வேட்டித் துணியைக் கொடுத்து அழுத்தச் சொல்லுங்க. அப்புறம், கால்ல மாட்டுறதுக்கு முன்னாடி பாக்கெட்டைத் தடவிப் பாருங்க. போன் இருந்தா பட்டை அது மேலதான் இறுகும்.