ஓடும்போதே நின்றுபோகும் இஞ்சின்: எனக்கு நடந்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் லிந்தாங் சடக்கில் (ரோட்டில்) போனவர்களுக்குச் சொன்னால் புரியும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வளைவுகளில் ஒதுங்க இடமே இருக்காது, பின்னால் குலை ஏற்றிய லோரி முட்டிக்கொண்டு வரும். அங்கேதான் என் காடியின் (காரின்) இஞ்சின் முதல் தடவை நின்றது. உதறலும் இல்லை, திக்கலும் இல்லை, விசிறி சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நின்றுவிட்டது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பிரேக் இரண்டு மிதிக்குப் பிறகு இறுகிப்போனது, இஞ்சின் ஓடினால்தான் அதற்குப் பலம் என்பது அன்றைக்குத்தான் என் காலுக்குத் தெரிந்தது. எப்படியோ புல்லில் இறக்கிவிட்டேன். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பெரிய பயம்.

இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது!

அப்புறம் வாரம் ஒரு தடவை இதே கதை. பட்டறையில் பொறி கொடுக்கும் பிளக் மாற்றினார்கள், பெட்ரோல் பில்டர் மாற்றினார்கள், கடைசியில் பம்ப்பையும் மாற்றினார்கள். மொத்தம் 430 வெள்ளி. போமனை (மெக்கானிக்கை) மட்டும் குறை சொல்ல முடியாது. அவரிடம் கொண்டுபோகும்போதெல்லாம் சமர்த்தாக ஓடும், கம்ப்யூட்டரை மாட்டினாலும் எந்தக் கோளாறும் பதிவாகியிருக்காது.

என் மாமனார் தோட்டத்தில் டிராக்டர் பார்த்தவர். "ஓடுற வண்டில என்னத்த மாப்ள தேடுற, செத்துக் கிடக்கறப்ப பாரு" என்றார். சரி என்று பழைய பிளக் ஒன்று, ரப்பர் பிடி போட்ட இடுக்கி, ஒரு போத்தல் தண்ணீர், துணி எல்லாவற்றையும் காடியிலேயே போட்டு வைத்தேன்.

அடுத்த தடவை ஈப்போவிலிருந்து திரும்பும்போது, நல்ல உச்சி வெயிலில் நின்றது. மாமனாரும் கூட இருந்தார். காடி நாலாவது கியரில் உருண்டுகொண்டிருக்கிறது, சக்கரம் இஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் இஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்துவிட்டது. பெட்ரோல் வராமல் நின்றால் அப்படி விழாது, திக்கித் திணறி வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கும். ஓரமாக நிறுத்திச் சாவியைப் போட்டோம், பின் சீட்டுக்குக் கீழே இரண்டு வினாடி "உய்ங்" என்றது, ஆக பம்ப் உயிரோடு இருக்கிறது. பழைய பிளக்கை வயரில் மாட்டி இடுக்கியால் பிடித்து இஞ்சின் உடம்பில் வைத்தேன், மாமனார் ஸ்டார்ட் அடித்தார். பொறியே இல்லை. சந்தேகம் கிராங்க் சென்சார் மேல், துணியை நனைத்து அதன் மேல் போட்டோம். ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

இஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாப்ட்டோடு சுற்றும் பல்சக்கரத்தைப் பார்த்து "இப்போது பொறி கொடு, இப்போது பெட்ரோல் விடு" என்று காடிக்குள் இருக்கும் இஞ்சின் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்புவது இந்தச் சென்சார்தான். அது வாயை மூடிக்கொண்டால் கம்ப்யூட்டருக்கு இஞ்சின் சுற்றுவதே தெரியாது. உள்ளே முடி மாதிரி கம்பிச் சுருள், வயதானால் எங்கேயாவது விரிசல் விடும், சூடேறினால் பிரியும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் கழற்றி மீட்டர் வைத்தேன், மின்தடை 870 ஓம் காட்டியது. மனைவியின் முடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்ட, எண் மெல்ல ஏறி, திடீரென்று மீட்டரில் எண்ணே இல்லாமல் போனது, கம்பி உள்ளே பிரிந்துவிட்டது. (இரண்டு வயர் சென்சாருக்குத்தான் இந்தச் சோதனை, மூன்று வயர் என்றால் பெரும்பாலும் இப்படிப் பார்க்க முடியாது.) புதுசு 90 வெள்ளி. எட்டு மாதமாக ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இதைப் படித்த இரண்டு பேர் எழுதியது:

லோரிக்காரன்: அண்ணே, என் வேனுக்கும் இதே நோய்தான், ஆனால் எனக்குக் காரணம் சென்சார் இல்லை. வெயிலில் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது, குழியில் இறங்கினால் நின்றுவிடும், உங்களுக்குக் கேட்ட அந்த "உய்ங்" சத்தமும் வராது. மெயின் ரிலேயை (பம்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச் பெட்டி) ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினேன், உயிர் வந்தது. பிரித்துப் பார்த்தால் ஈயப்பற்றில் வட்டமாக ஒரு விரிசல், கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. திரும்பப் பற்ற வைத்தேன், காசே செலவில்லை.

பால்மரத்தான்: நிற்கும்போது மீட்டர் விளக்குகளையும் பாருங்கள். பேட்டரி விளக்கும் எண்ணெய் விளக்கும் எரிந்தால் கரண்ட் இருக்கிறது, இஞ்சின்தான் நின்றிருக்கிறது. எல்லா விளக்கும் சேர்ந்து அணைந்தால் பேட்டரி முனையையும் சாவி சுவிட்சையும் பாருங்கள். எனக்குச் சாவி சுவிட்சுதான். வீட்டுச் சாவி, கடைச் சாவி, மோட்டார் சாவி, பத்துமலையில் வாங்கிய வேல் என்று கால் கிலோ தொங்கியதில் உள்ளே தேய்ந்துபோயிருந்தது. இப்போது காடிச் சாவி தனியாக, மற்றதெல்லாம் மனைவியின் கைப்பையில்.