எபிரெயர் 6:4-6: பின்வாங்கிப்போனவர் இனி திரும்பவே முடியாதா?

பெரோயா:
ஸ்தோத்திரம். வாலிபர் வேதபாடத்தில் எபிரெயர் 6 எடுக்கிறோம். மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது "கூடாதகாரியம்" என்கிறது 6-ம் வசனம். யோவான் 10:28-லோ "ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை" என்கிறார் ஆண்டவர். ஞானஸ்நானத்துக்குப் பிறகு பழைய பாவத்தில் விழுந்து, அழுதுகொண்டு வருகிறவரிடம் என்ன சொல்வது?

நங்கூரம்:
6-ம் வசனத்தோடு நிறுத்தாதீர்கள். 5:11 தொடங்கி 6:20 வரை ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள். எச்சரிப்பு முழுவதும் "அவர்களை"ப் பற்றியது; 9-ம் வசனத்தில் "பிரியமானவர்களே" என்று திரும்பி, இரட்சிப்புக்குரிய காரியங்கள் "உங்களிடத்தில்" உண்டு என்கிறார். 19-ல் நம்பிக்கை என்னும் நங்கூரத்தில் போய் முடிகிறது.

மறுதலிப்பு என்றால் என்ன என்பதை 10:29 விவரிக்கிறது: தேவகுமாரனைக் காலின்கீழ் மிதிப்பது, உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தமென்று எண்ணுவது, கிருபையின் ஆவியை நிந்திப்பது. கிறிஸ்துவின் பலியை ஒருவன் தள்ளிவிட்டால் வேறொரு பலி கிடையாது (10:26). கூடாதகாரியம் என்பதன் காரணம் அதுதான். சறுக்கி விழுந்து அதே பலியைத் தேடி வருகிறவர் இதில் சேரமாட்டார். மூன்று முறை மறுதலித்த பேதுருவை ஆண்டவர் சேர்த்துக்கொண்டாரே (யோவான் 21).

மூலபாடம்:
கருத்து வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நெதர்லாந்தில் கூடிய டார்ட் சபை மாநாட்டின் (1618-19) வழியில் வந்த சீர்திருத்த சபையார் (கால்வின் வழியினர்), 6-ம் வசனத்தில் மறுதலித்துப்போனவர்கள் முதலிலேயே மறுபடியும் பிறவாதவர்கள் என்பார்கள். ஆதாரம் 1 யோவான் 2:19 (பிரிந்துபோனவர்கள் நம்முடையவர்களாக இருந்ததில்லை என்கிற வசனம்). அவர்களுக்கு இடிக்கிற இடம், 6:4-ல் வரும் "பரிசுத்த ஆவியைப் பெற்றும்". வெஸ்லி வழியினர் (மெதடிஸ்டுகள்), மெய்யான விசுவாசியும் விழுந்துபோகலாம் என்பார்கள். அவர்களுக்கு இடிப்பது, "கூடாதகாரியம்". பின்வாங்கினவர்கள் திரும்பி வருவதை அவர்களும் ஏற்கிறார்களே! இந்தப் பகுதியைக் கடினமாகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ரோம் சபையின் மூப்பர் நொவேஷியன் உதாரணம்: ரோமப் பேரரசர் டேசியஸ் காலத்து உபத்திரவத்தில் விசுவாசத்தை விட்டவர்களை மறுபடி சேர்க்கக் கூடாதென்று 251-ல் தனியாகப் பிரிந்தார்.

நங்கூரம்:
நடைமுறையில், "எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டாய்?" என்று தோண்டினால் பயந்தவர் இன்னும் குழம்புவார். "இன்று யாரை நம்புகிறாய்?" என்று கேளுங்கள், பிறகு 1 யோவான் 1:9 (பாவமன்னிப்பு), 5:13 (நித்தியஜீவனின் நிச்சயம்) காட்டுங்கள். மெய்யான விசுவாசிக்கும் இரட்சிப்பின் நிச்சயம் வரத் தாமதமாகலாம் என்று சீர்திருத்த சபையாரின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே (1646, அதிகாரம் 18) ஒப்புக்கொள்கிறது. "ஒருதரம் இரட்சிக்கப்பட்டாயிற்று, இனி எப்படியும் வாழலாம்" என்பவருக்கு மட்டும், தேவனுடைய அன்பைவிட்டு எதுவும் நம்மைப் பிரிக்காது என்கிற ரோமர் 8-ஐக் கொடுக்காதீர்கள். எபிரெயர் 6 அவருக்குத்தான்.

பெரோயா:
யாக்கோபின் அண்ணன் ஏசா கண்ணீர்விட்டுத் தேடியும் மனம் மாறுதல் கிடைக்கவில்லையே (எபிரெயர் 12:17)? நிச்சயம் யாராவது கேட்பார்கள்.

மூலபாடம்:
ஆதியாகமம் 27:34-38-ஐத் திறந்து வாசியுங்கள். அங்கே அவன் அழுவது ஆசீர்வாதம் போய்விட்டதே என்றுதான். சேஷ்டபுத்திரபாகத்தை (மூத்தமகனுக்குரிய உரிமையை) அலட்சியம்பண்ணியதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. 41-ம் வசனத்தில் தம்பியைக் கொல்லத் திட்டம் போடுகிறான். ஆகவே அது பாவத்துக்காக மனந்திரும்பின கண்ணீர் அல்ல.