கசின் என்றால் மச்சானா, ஒன்றுவிட்ட அண்ணாவா?

நல்லூர்வாசி:
லண்டன் விசாப் படிவத்துக்கு உறவுமுறை எழுத வேணும். மாமியின்ர மகனுக்கும் சித்தப்பாவின்ர மகளுக்கும் கசின் என்று ஒரே சொல்லா? ஒன்றுவிட்ட தங்கச்சியை ‘வன்ஸ் ரிமூவ்ட்’ என்று போடலாமா? அப்பாவின்ர ஒன்றுவிட்ட அண்ணாவை அங்கிள் என்று எழுதினால் சரியா? தேடினால் உருதுவில்தான் விளக்கம் வருது.

சொல்லாய்வாளர்:
‘ஒன்றுவிட்ட’ என்பதற்கு ‘வன்ஸ் ரிமூவ்ட்’ என்று எழுதவே வேண்டாம். மொழிபெயர்ப்பில் அடிக்கடி வரும் பிழை இது. ஒன்றுவிட்ட சகோதரம் எங்கட தலைமுறையிலேயே இருக்கும் உறவு. ஆங்கிலத்தில் ‘ரிமூவ்ட்’ வந்தால் தலைமுறை மாறிவிட்டது என்று அர்த்தம். சித்தப்பாவின் மகள் ஃபர்ஸ்ட் கசின், மாமியின் மகனும் ஃபர்ஸ்ட் கசின்தான்.

இரண்டு பேருக்கும் பொதுவான மூத்தவரைப் பிடித்தால் கணக்குச் சுலபம். அப்பப்பா, அப்பம்மா அல்லது அம்மப்பா, அம்மம்மா பொது என்றால் ஃபர்ஸ்ட். பூட்டன், பூட்டி பொது என்றால் செகண்ட். அதே மூத்தவருக்கு ஒருவர் பேரப்பிள்ளை, மற்றவர் பூட்டப்பிள்ளை என்றால் கிட்டின ஆளின் கணக்கை எடுத்து, பின்னால் ‘வன்ஸ் ரிமூவ்ட்’ சேர்க்க வேணும். ஆகவே அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணா எங்களுக்குப் பெரியப்பா. படிவத்தில் அவர் ஃபர்ஸ்ட் கசின் வன்ஸ் ரிமூவ்ட். உங்கட கசினின் பிள்ளைக்கும் இதே பெயர்தான் வரும். அதனால் பக்கத்தில் ‘அப்பாவின் ஃபர்ஸ்ட் கசின்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கோ.

கோண்டாவில்:
மச்சானிலும் கவனம் தேவை. அக்காவின் புருஷன், மனைவியின் சகோதரன் என்றால் பிரதர் இன் லோ. மாமாவின் மகன், மாமியின் மகன் என்றால் கசின். ‘கசின் பிரதர்’, ‘கசின் சிஸ்டர்’ எங்கட பக்கத்து ஆங்கிலம். லண்டன் அலுவலருக்கு வெறும் கசின் போதும். சொந்த மச்சாளைக் கட்டியவர் மனைவி என்ற இடத்தில் மனைவி என்றே எழுத வேணும். இரத்த உறவு உண்டா என்று தனியாகக் கேட்டால் மட்டும் ஃபர்ஸ்ட் கசின் என்று சொல்லுங்கோ. மறைக்கத் தேவையில்லை, இங்கிலாந்தில் அந்தக் கலியாணம் சட்டப்படி செல்லும்.

பத்திரஎழுத்தர்:
பெறாமகன் (மகன் முறை வருபவர்), மருமகள் இரண்டும் இதைவிடச் சிக்கல். ஒன்றுவிட்ட அண்ணாவின் மகனும் எங்களுக்குப் பெறாமகன்தான், ஆனால் ஆங்கிலத்தில் நெவ்யூ என்பது கூடப்பிறந்தவரின் மகன், நீஸ் என்பது மகள். கனடாவில் தாய் தகப்பன் இல்லாத, 18 வயதுக்குக் குறைந்த, கலியாணம் கட்டாத நெவ்யூ, நீஸை ஸ்பொன்சர் செய்ய வழி உண்டு. கசினின் பிள்ளை அந்த வகைக்குள் வராது. பழக்கத்தில் நெவ்யூ என்று போட்டுவிட்டால் பிறப்புச் சான்றிதழ்கள் வேறு கதை சொல்லும், பொய்த் தகவல் என்ற சந்தேகமும் எழும்.

ஃபர்ஸ்ட் கசின் என்று நிரூபிக்க நான்கு பிறப்புச் சான்றிதழ்கள் வேணும்: உங்களுடையது, அவருடையது, உங்களை இணைக்கும் இரண்டு பெற்றோருடையவை. கடைசி இரண்டிலும் தாய் தகப்பன் பெயர் ஒன்றாக இருக்க வேணும். பழைய பத்திரங்களில் பெயரின் எழுத்து மாறியிருக்கும். மொழிபெயர்ப்பாளர் திருத்தாமல் உள்ளபடியே பெயர்க்கட்டும். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று தனியாகச் சத்தியக்கடதாசி முடியுங்கோ.

சொல்லாய்வாளர்:
உருது விளக்கம் ஏன் நீளமாக இருக்கிறது என்றால், அவர்களுக்கும் ஒரே சொல் போதாது. சித்தப்பா பிள்ளை சச்சாஸாத், மாமா பிள்ளை மாமூஸாத், அப்பாவின் சகோதரி பிள்ளை ஃபூஃபீஸாத், அம்மாவின் சகோதரி பிள்ளை காலாஸாத். பின்னால் ஆணுக்கு பாய், பெண்ணுக்கு பெஹன் சேரும். ஆனால் அந்த நாலு பேரையும் அவர்கள் சகோதரமாகவே சொல்வார்கள். எங்களுக்கு மாமா, மாமி பக்கம் மச்சான், மச்சாள் என்று பிரிந்துவிடும். அதனால் அந்த உருது விளக்கங்களைப் பார்த்துத் தமிழ் முறையை எடுக்க முடியாது.