பாம்பின் அகன்ற வாய் எப்போது தோன்றியது?

கெடிலக்கரை:
வணக்கம். நெல்லிக்குப்பம் அருகே எங்கள் வயல் வாய்க்காலில் ஒரு தண்ணீர்ப் பாம்பு தவளையைப் பின்னங்கால்களில் கவ்வி விழுங்குவதை அருகிலிருந்து பார்த்தேன். பாம்பின் தலையைக் காட்டிலும் தவளை பருமன். அது காற்றை இழுத்து உடலை உப்பிக்கொண்டும் பாம்பு விடவில்லை. வாயின் வலப்பக்கம் சற்று முன்னேறிப் பற்றிக்கொள்ளும், அதன்பின் இடப்பக்கம் முன்னேறும். இப்படியே மாறி மாறி நடந்தது. பாம்புகள் பல்லி வகை மூதாதைகளிலிருந்து வந்தவை என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கால்கள் மறைந்தபோதே இந்த வாயும் அமைந்துவிட்டதா, பிற்பாடு வந்ததா? புதைபடிவங்களில் சான்று உண்டா?

உப்பளம்வாசி:
அருமையான கேள்வி. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: பாம்பின் தாடை கழன்றுகொள்வதாகப் பலரும் சொல்வது சரியன்று. நமக்கு முகவாயில் ஒன்றாக இணைந்திருக்கும் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் பாம்புக்கு இணையாமல், நீளும் தசைநாரால் மட்டுமே பிணைக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தாங்கும் எலும்பும் அசையக்கூடியது. மேல்வாயில் இருபுறமும் வெளிவரிசை, உள்வரிசை எனப் பற்கள் இருக்கின்றன. நீங்கள் கண்ட நகர்வு பெரும்பாலும் அந்த உள்வரிசையின் வேலை. இரை உள்ளே இழுக்கப்படுகிறது என்பதைவிட, பாம்பின் தலை இரையின்மீது படிப்படியாக ஏறுகிறது என்பதே பொருத்தம்.

இந்த வாய் தொடக்கத்திலேயே முழுமையாக அமைந்துவிடவில்லை என்பதற்குச் சிறந்த சான்றுகளுள் ஒன்று குஜராத்தில் கிடைத்தது. தோலி துங்ரியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தனஞ்சய் மோகபே 1980களில் எடுத்த பாறையில் டைனோசர் முட்டைகளும் குஞ்சின் எலும்புகளும் இருந்தன. அவற்றோடு ஒரு பாம்பும் இருப்பதை 2001இல் புதைபடிவ ஆய்வாளர் ஜெஃப் வில்சன் கண்டறிந்தார். 2010இல் அதற்குச் சனாஜே இண்டிகஸ் என்று பெயரிட்டனர். ஏறத்தாழ 6.7 கோடி ஆண்டுகளுக்கு முன், 3.5 மீட்டர் நீளமுள்ள அப்பாம்பு, உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டு, அரை மீட்டர் நீளக் குஞ்சின் அருகே கிடந்த நிலையிலேயே புதையுண்டது. அதன் மண்டையோட்டில் இன்றைய மலைப்பாம்பைப் போல வாயை அகலத் திறக்கும் அமைப்பு இல்லை. முட்டையை முழுதாக விழுங்க அதனால் இயலாது. உடல் பெரிதாக இருந்ததால்தான் பொரிந்த குஞ்சைத் தின்ன முடிந்திருக்கும்.

கால்களைப் பற்றிக் கேட்டீர்கள். அர்ஜென்டினாவில் கிடைத்து 2006இல் விவரிக்கப்பட்ட நஜாஷ் என்னும் புதைபடிவப் பாம்பு, ஒன்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதற்கு இடுப்பெலும்பும் பின்னங்கால்களும் இருந்தன. ஆகவே காலும் வாயும் ஒரே வேளையில் மாறியவை என்று கொள்ள வேண்டியதில்லை.

பரங்கிப்பேட்டைக்காரன்:
மேலே உள்ளதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாம்புகளும் இரையை முழுதாக விழுங்குவதில்லை. பிச்சாவரத்தைப் போன்ற சதுப்புநிலக் காடுகளின் சேற்றில் வாழும் ஜெரார்டா என்னும் பாம்பு, ஓடு கழற்றி இன்னும் இறுகாத நண்டைப் பிடித்து, தன் உடலையே வளையமாக்கி, அதனூடே நண்டை இழுத்துத் துண்டு துண்டாகக் கிழித்துத் தின்கிறது. சிங்கப்பூர்ப் பாம்புகளைக் கொண்டு இதை 2002இல் வெளியிட்டார்கள். வாய் கொள்ளாத நண்டையும் அது உண்ணும் வழி அதுதான்.

நம் பூந்தொட்டி மண்ணிலேயே காணப்படும் புழுப்பாம்பு இன்னொரு வகை. எறும்பு, கறையான் ஆகியவற்றின் இளம்பருவங்களே அதற்கு முக்கிய உணவு. அது கறையானின் தலையைத் தரையில் தேய்த்துத் துண்டித்துவிட்டு உடலை மட்டும் விழுங்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் பதிவு செய்தனர். மண்புழுவைப் போல் இருக்கிறது என்று நினைத்து இதை மிதித்துவிடுகிறார்கள். நஞ்சில்லாத இந்த உயிரைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கெடிலக்கரை:
இருவருக்கும் நன்றி. இன்று உலகில் ஏறத்தாழ 4,000 பாம்பினங்கள் இருப்பதற்கு இந்த அகன்ற வாய்தான் காரணம் என்று சொல்லலாமா?

உப்பளம்வாசி:
அதை மட்டும் காரணமாக்க நான் தயங்குவேன். 882 இனங்களின் உணவுப் பதிவுகளைக் கொண்டு 2021இல் வெளிவந்த ஆய்வு, தொடக்ககாலப் பாம்பு பெரும்பாலும் பூச்சியுண்ணியாக இருந்திருக்கும் என்றும், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த பிறகே மீன், பறவை, பாலூட்டி என உணவு விரைந்து பெருகியது என்றும் காட்டியது. பல்லிகளையும் பாம்புகளையும் ஒப்பிட்ட 2024ஆம் ஆண்டு ஆய்வு, அருங்காட்சியக மாதிரிகளின் இரைப்பை உணவு உள்ளிட்ட பதிவுகளை ஆராய்ந்து, பாம்புகள் பல்லிகளைவிட மூன்று மடங்கு வேகம் வரை பரிணமித்துள்ளன என்றது. நெகிழும் மண்டையோடு, கால்களற்ற நீண்ட உடல், வாசனையை நுகர்ந்து இரையைத் தேடும் திறன் ஆகிய பலவும் சேர்ந்தே இதற்கு வழிவகுத்தன என்பது அவர்கள் கருத்து. அதுவே எனக்கும் ஏற்புடையது.

அகன்ற வாய் ஒருமுறைதான் தோன்றியதா, மலைப்பாம்பு வகைகளில் ஒருமுறையும், சாரை, நாகம், விரியன் ஆகியவை அடங்கிய கிளையில் தனியே மறுமுறையுமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை. இரு கிளைகளிலும் தாடை சார்ந்த எலும்புகள் நீண்டிருக்கும் விதம் வேறுபடுகிறது என்பதை இரண்டாவது தரப்பினர் தங்கள் வாதத்துக்கு அடிப்படையாகக் கொள்கிறார்கள்.